எருமையும் வேலியும்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

வேலி என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, நிலத்தைச் சுற்றி எழுப்பும் காவல். மற்றொன்று, தஞ்சைத் தரணியில் வழங்கிய நில அளவு. இருபது மா கொண்டது ஒரு வேலி, அதாவது ஏறத்தாழ ஆறரை ஏக்கர். காவலும் அளவும் ஒரே சொல்லில் வந்து தங்கிய காரணத்தை ஆராய்வது மொழியறிஞர் வேலை. நான் இங்கே எழுதப் புகுவது முதற்பொருளைப் பற்றியே. அதிலும், மாட்டிடமிருந்து பயிரைக் காக்கும் வேலியைப் பற்றியன்று. மாட்டையே காக்கும் வேலியைப் பற்றி.

வரலாறு பயிலும் மாணவனுக்கு மாட்டு வேலியைப் பற்றி என்ன கவலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். என் சித்தப்பா பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் நான்கு எருமைகளும் இரண்டு பசுக்களும் வைத்துப் பால் கறந்து விற்பவர். என் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்த எருமைகள் கட்டியது. ஆகவே எனக்குக் கவலை உண்டு. சென்ற ஆண்டு தொழுவத்தின் பழைய வேலியைப் பிரித்துப் புதிது போட வேண்டிய நிலை வந்தபோது, எந்த வேலி நல்லது என்று கேட்டும் படித்தும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதற்கண் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரல் நிலையத்துக்கு வரும் பயணிகள் எல்லாரும் பேசின் பிரிட்ஜை அறிவர். வண்டி ஊர் வந்து சேர்ந்த பிறகும் நின்று நின்று நகரும் இடம் அது. கல்கத்தா வழியும் அரக்கோணம் வழியும் வந்து கூடுமிடமாகையால் தண்டவாளங்கள் பின்னிக் கிடக்கின்றன. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடியது இந்த வட்டாரத்தில்தான். இரயிலுக்கும் முந்தையது கால்வாய். ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற பக்கிங்காம் கால்வாய் இன்று சாக்கடையாகக் கறுத்துக் கிடக்கிறது. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் கால்வாய், இரண்டுக்கும் நடுவே சந்துகளில் சில தொழுவங்கள். கடல் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். இவற்றை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், வேலியைத் தேர்ந்தெடுப்பதற்கு இவை ஒவ்வொன்றும் காரணமாகின்றன.

கறவை எருமை ஒன்றின் விலை இன்று லட்ச ரூபாயை ஒட்டி நிற்கிறது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இரண்டே இரண்டு எருமைகளை வைத்துக் குடும்பம் நடத்தி வந்தார். ஈராண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதப் பகலில் அவற்றுள் ஒன்று வேலியைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்துக்குப் போயிற்று. அதன் பிறகு அவர் பால் வியாபாரத்தை விட்டுவிட்டார். இப்போது ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில் இரவுக் காவல் பார்க்கிறார். அந்த வேலி பலவீனமானதன்று. நான்கு இழை முள்கம்பி, புதிய சவுக்குக் கம்புகள். இருந்தும் அது நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்டால்தான் வேலியின் இலக்கணம் விளங்கும்.

எருமையின் இயல்பை அறியாமல் வேலி போடுகிறவர்கள் கம்பியின் கனத்தைப் பற்றியே பேசுவார்கள். ‘எருமை மாட்டின்மேல் மழை பெய்தாற்போல’ என்று, உணர்ச்சியற்றவர்களைக் குறிக்க நாம் ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அது எருமைக்குச் செய்த அநியாயம் என்றே நான் சொல்வேன். மழையில் அது அசையாமல் நிற்பதற்குக் காரணம் உணர்ச்சியின்மை அன்று, இன்பம்! அதன் தோல் கறுப்பு, வெயிலை வாங்கிக்கொள்ளும். மயிரோ மிகக் குறைவு, நிழல் தராது. வியர்வைச் சுரப்பிகள் பசுவைக் காட்டிலும் மிகக் குறைவு, ஆகையால் உடற்சூட்டை வியர்த்துத் தணித்துக்கொள்ள அதனால் இயலாது. தண்ணீரோ சேறோ மேலே பட்டால் ஒழிய அதற்கு வேறு வழியில்லை. கோடையில் நீர் காட்டாத எருமை மூச்சு வாங்கும்; தீனி குறைக்கும்; பால் வற்றும்; சினைப்பருவம் கூட வெளித்தெரியாமல் போகும்.

இத்தகைய பிராணி பகல் பன்னிரண்டு மணிக்குக் கால்வாய் நீரின் வாடையை நுகர்கிறது. நடுவே நிற்பது உங்கள் வேலி. ஐந்நூறு கிலோ எடையுள்ள உடம்பு, கொம்பைத் தாழ்த்தி, நெற்றியால் மெல்ல மெல்லத் தள்ளுகிறது. பாய்ந்து மோதுவதில்லை, அது எருமையின் வழக்கமன்று. சாய்கிறது, சொறிகிறது, மீண்டும் சாய்கிறது. ஒரு நாள் ஆடிய கம்பம் பத்தாம் நாள் விழுகிறது.

எங்கள் சித்தப்பா பள்ளிக்கூடம் போனவரல்லர். நான் கடைக்குக் கடை கம்பி விலை விசாரித்துக்கொண்டு வந்து நின்றபோது அவர் சொன்னது: “கம்பி கெடக்கட்டும் தம்பி. தண்ணிய உள்ளாறயே காட்டு, அது ஏன் வெளிய போவுது?” நான் படித்த நூல்களில் அரைப் பக்கத்தில் எழுதியிருந்ததும் இதுவேதான். ஆகையால் எருமைக்கு வேலி போட நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது கம்பியன்று, தொட்டியும் குழாயும். நாங்கள் தொழுவத்துக்குள் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, மேலே துளையிட்ட குழாய் ஒன்றை ஓட்டினோம். பகல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கால் மணி நேரம் நீர் தெளிக்கிறோம். மேலே கீற்று வேய்ந்த நிழல். இவை வந்தபின் எருமைகள் வேலிப்பக்கம் போவதே குறைந்துவிட்டது. பாலும் சிறிது கூடியது என்று சித்தி சொல்கிறார். அளந்து பார்த்தது அவர்தான், நான் அல்லன்.

நிற்க. நீர் காட்டிவிட்டால் வேலியே வேண்டாமா என்றால், வேண்டும். இரவில் நாய் துரத்தும், பட்டாசு வெடிக்கும், கன்றைப் பிரிந்த தாய் தேடும். இந்த அச்சமும் தேடலும் தண்டவாளத்தில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பதை நாடே பார்த்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் மும்பையிலிருந்து காந்திநகர் சென்ற வந்தே பாரத் விரைவு வண்டி, அகமதாபாத் அருகே வட்வாவுக்கும் மணிநகருக்கும் இடையில் எருமைக் கூட்டம் ஒன்றின்மேல் மோதியது. வண்டியின் மூக்குப்பகுதி உடைந்து தொங்கிய படத்தைப் பத்திரிகைகளில் கண்டிருப்பீர்கள். அப்பகுதி நார்வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆனது. மோதலைத் தான் வாங்கிக்கொண்டு உடையும்படியும் உடனே மாற்றும்படியும் அமைந்தது. மறுநாளே அதைச் சரிசெய்துவிட்டார்கள். எருமைகளை யார் சரிசெய்வது? அவற்றின் உரிமையாளர் யாரென்று தெரியாமலே அவர்மேல் வழக்கும் பதிவாயிற்று. நம் பக்கமும் இது நேர்ந்தது. சென்னை–மைசூர் வந்தே பாரத் அவ்வாண்டு நவம்பர் 11இல் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள், 17ஆம் நாள், அரக்கோணம் அருகே ஒரு கன்றின்மேல் மோதியது. அந்த வண்டி எங்கள் தொழுவத்தைக் கடந்துதான் போகிறது.

மணிக்கு நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை ஓட்டுநர் மாட்டைக் கண்டதும் நிறுத்திவிட முடியாது. நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். பேசின் பிரிட்ஜில் வண்டிகள் மெதுவாகவே செல்கின்றன. ஆனால் ஒரு வண்டிக்கு ஒதுங்கிய மாடு அடுத்த பாதையில் வரும் வண்டியின் முன் நிற்கும். எருமைக்கு இன்னொரு குணமும் உண்டு. அஞ்சினால் சிதறி ஓடாது. ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கூடி நிற்கும். புலிக்கு எதிரே அது நல்ல உபாயம். இரயிலுக்கு எதிரே?

அந்த விபத்துகளுக்குப் பின் மேற்கு இரயில்வே, மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே ஏறத்தாழ 620 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலி அமைத்தது. என்ன வேலி என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. முள்கம்பி அன்று, கண்ணி வலையும் அன்று. நெடுஞ்சாலை வளைவுகளில், வண்டி பள்ளத்தில் விழாமல் இருக்க ஒரு நெளிதகடு வைத்திருக்கிறார்களே, அதே தகடு. ஆங்கில எழுத்து ‘டபிள்யூ’வைப் படுக்க வைத்தாற்போல் நெளிந்திருக்கும். அதன் சிறப்பைச் சிந்தித்துப் பார்த்தேன். அகன்றது, ஆகையால் தூரத்திலிருந்தே தெரியும். முள் இல்லை, ஆகையால் புண் இல்லை. ஓரிடத்தில் தள்ளினால் அந்தப் பாரம் ஒரு கம்பத்தோடு நில்லாமல் இரண்டு மூன்று கம்பங்களுக்குப் பரவும். அளவு மீறினால் அறுந்து போகாமல் வளைந்து கொடுக்கும்.

தெரிவது என்று சொன்னேன். அது பசுவுக்கும் எருமைக்கும் பொதுவானது. அதைச் சற்று விளக்க வேண்டும். மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்தவை. நேர் பின்புறம் தவிர ஏறத்தாழ எல்லாத் திசையையும் அது ஒருங்கே காண்கிறது. ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து நோக்கும் பகுதி முன்னே சிறிதளவுதான். தூரத்தை மதிப்பிடும் ஆற்றல் அங்கு மட்டுமே உண்டு. மெல்லிய கம்பி அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று விளங்காது. மிரண்டு ஓடும் மாடு கம்பியில் போய்ச் சிக்குவது இதனால்தான். வேலியின் மேற்சட்டம் அகலமாகவும் வெள்ளை பூசியும் இருந்தால் மாடு அதை மதிக்கும். (சிவப்பு பூசிப் பயனில்லை. மாட்டுக்குச் சிவப்பைப் பிரித்தறியும் கண் இல்லை. சிவப்புத் துணி கண்டு காளை வெகுளும் என்பது வெறும் கதை. அசைகிற துணியைக் கண்டு வெகுளுகிறது, அவ்வளவே.)

இனி முள்கம்பியைப் பற்றி. அதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்னும் உழவர் 1874இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மரமும் கல்லும் இல்லாத பரந்த புல்வெளியில் மலிவாக வேலி போட வேறு வழி இல்லாதபோது பிறந்தது அது. அங்கே மாட்டுக்கு ஏக்கர் கணக்கில் இடம் உண்டு. வேலியை எப்போதாவதுதான் தொடும். அந்தச் சூழ்நிலையில் அது நல்ல வேலி. பத்தடிக்குப் பதினைந்தடித் தொழுவத்தில் நாளெல்லாம் வேலியை உரசி நிற்கும் மாட்டுக்கு அது வேலியா, தண்டனையா? எருமையின் தடித்த தோலுக்கு முள் ஒரு பொருட்டே இல்லை. முதுகு சொறிந்துகொள்ள வசதியாகவே கருதும். கிழிவது மடியும் காம்பும்தான். காம்பு கிழிந்தால் மடிநோய். எங்கள் பெரியவர் வேலி தோற்றதன் காரணம் இப்போது விளங்கும். முள் எருமைக்கு வலிக்கவில்லை, தாகம் வலித்தது.

முள்கம்பியில் வேறொரு கேடும் உள்ளது. அது துருப்பிடித்து உதிரும். மாடு நம்மைப் போல் நாவால் துழாவிப் பார்த்து மென்று விழுங்குவதில்லை. நாவால் சுருட்டி அப்படியே விழுங்கிவிட்டுப் பிறகு அசைபோடும். வைக்கோலில் கிடக்கும் கம்பித்துண்டும் ஆணியும் கூடவே உள்ளே போகின்றன. கனமான பொருளாகையால் அவை இரண்டாம் இரைப்பையில் தங்குகின்றன. அந்தப் பைக்கும் இதயத்துக்கும் இடையே உள்ளது உதரவிதானம் ஒன்றுதான். சினைமாட்டின் வயிறு பெருத்து நெருக்கும்போதோ, கன்று ஈனும்போது முக்கும்போதோ, அந்தக் கம்பி முன்னே நகர்ந்து இதய உறையைக் குத்துகிறது. மாடு முதுகை வளைத்து நிற்கும். முழங்கைகளை அகட்டி வைக்கும். கழுத்துத் தொங்கலில் நீர் கோக்கும். அந்த நிலை வந்தபின் பிழைப்பது அரிது. வெளிநாட்டுப் பண்ணைகளில் இதற்கென்றே ஒரு சிறு காந்தத்தை மாட்டை விழுங்கச் செய்கிறார்கள். இரும்புத்துண்டு அதில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். 1903இல் தொடங்கிய நம் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி எங்களுக்கு அருகிலேயே இருப்பது பெரும் பேறு. ஆனாலும் அங்கே கொண்டுபோகும் நிலை வராமல் பார்ப்பதல்லவா நம் கடமை? வேலி வேலை முடிந்த அன்று மாலை நாங்கள் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தொழுவத் தரை முழுதும் இழுத்தோம். ஒரு கைப்பிடி வெட்டுத்துண்டு வந்தது.

கண்ணி வலை வேலி பார்வைக்கு அழகு, பூங்காவுக்குப் பொருந்தும். மாடு சாய்ந்தால் தொட்டில் போல் தொங்கிவிடும். அதைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

உயிர்வேலியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நம் முன்னோர்க்கு நன்றி மறந்தவனாவேன். கொங்கு நாட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை மரத்தை வேலியாக வைப்பார்கள். மழைக்காலத்தில் கிளையை வெட்டி நட்டால் வேர் பிடித்து, ஆண்டுகள் செல்லச் செல்ல நெருங்கி, முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொள்ளும். உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரங்களும். ஒவ்வொரு காடும் கிளுவையால் அடைபட்டது. ஒரு காட்டில் மேய்ந்து தீர்ந்தால் அடுத்த காடு. ஆள் வைத்து மேய்க்க வேண்டியதில்லை. துரு இல்லை, இடி விழுந்தால் மின்சாரம் பாயும் பயமும் இல்லை. (கம்பி வேலியை ஒட்டி நிற்கும் மாடுகள் இடிமழையில் கூட்டமாக மடிவது உண்டு, நீண்ட கம்பி வேலிக்கு ஆங்காங்கே நிலத்தொடர்பு கொடுப்பது இதற்காகவே.) ஆனால் உயிர்வேலிக்கு இடம் வேண்டும், காலமும் வேண்டும். தவறான செடியைத் தேர்ந்தால் அதுவே பகையாகும். வேலிக்காகப் பரவிய சப்பாத்திக்கள்ளி சென்னை மாகாணத்தின் மேய்ச்சல் நிலங்களையே விழுங்கிவிட்டது. 1926இல் இலங்கையிலிருந்து ஒருவகைப் பஞ்சுப்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே அது அடங்கியது. வேலியே பயிரை மேய்வது என்பது இதுதானோ!

சென்னைச் சந்தில் கிளுவை வைக்க இயலாது. ஆனால் பூவரசு இயலும். உவர்மண்ணும் கடற்காற்றும் அதற்குப் பழக்கம், போத்து நட்டால் தழைக்கும், நிழலும் தரும். கால்வாய்ப் பக்கமாக நாங்கள் நட்ட ஐந்து போத்துகளில் மூன்று பிழைத்தன. இன்னும் இரண்டு ஆண்டுகளில் அவையே கம்பமாகும் என்று நம்புகிறோம்.

மின்வேலியையும் ஒரு நண்பர் சொன்னார். உண்மையான மின்வேலி என்பது ஒரு கருவியின் வழியாக நொடிக்கொரு முறை இமைப்பொழுதிலும் குறைந்த நேரம் மட்டும் அதிர்ச்சி தருவது, கொல்லாது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்கருவி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் அத்தகைய கம்பியில் பட்டே மடிந்தன. மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் விதிகள் வகுத்தது. பிள்ளைகள் பந்தாடும் தெருவில், மழைநீர் முழங்கால் அளவு நிற்கும் ஊரில், நல்ல கருவியாயினும் அது எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

எஞ்சியது இரும்புச் சட்ட வேலி. எங்கள் வட்டாரத்தில் கம்பமாக நடுவதற்குப் பழைய தண்டவாளத் துண்டை மிஞ்சியது இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் ஏலத்தில் முறைப்படி எடுத்தவரிடமிருந்து இரசீதுடன் வாங்க வேண்டும். இரயில்வே உடைமையைக் கணக்குக் காட்டாமல் வைத்திருப்பதே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை உண்டு. தெரியாத கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் விலகிவிடுவது நல்லது. நாங்கள் கருங்கல் தூண்களையே கம்பமாக எடுத்துக்கொண்டோம். ஏழரை அடித் தூண். இரண்டரை அடி மண்ணுக்குள், ஐந்தடி வெளியே. கல்லுக்குத் துரு ஏது? குறுக்கே இரண்டு அங்குல இரும்புக் குழாய், நான்கு வரிசை. அடிக்குழாய் தரையிலிருந்து ஒன்றேகால் அடி. அதற்குமேல் விட்டால் கன்று நுழைந்துவிடும்.

கம்பங்களுக்கு இடையே எட்டடி என்பது பொதுக் கணக்கு. தீனித் தொட்டியருகே மாடுகள் முண்டியடிப்பதால் அங்கே ஆறடியாகக் குறைத்தோம். மூலைகளைச் செங்கோணமாக விடாமல் வளைத்தோம். பலவீனமான மாட்டை மற்றவை மூலையில் ஒதுக்கிக் குத்துவதற்கு இடம் தரக்கூடாது. குழாயைக் கம்பத்தின் எந்தப் பக்கம் பொருத்துவது என்பதில் பட்டறைக்காரருக்கும் எனக்கும் ஒரு வாதம் நடந்தது. தெருப்பக்கம் பொருத்தினால் பார்வைக்கு நன்றாயிருக்கும் என்றார் அவர். “அண்ணே, மாடு உள்ளே இருந்துதானே தள்ளும்? வெளிப்பக்கம் வைத்தால் போல்ட்டுதானே அறுந்து போகும்?” என்றேன். சற்று யோசித்துவிட்டு, “அதுவும் சரிதாம்பா” என்று உள்பக்கமே பொருத்தினார். உள்பக்கம் இருந்தால் மாடு தள்ளத் தள்ளக் குழாய் தூணோடு இறுகுகிறது. பாரம் கல்லுக்குப் போகிறது, போல்ட்டுக்கு அன்று.

உப்புக்காற்றைப் பற்றி முன்னரே கோடி காட்டினேன். எங்கள் தெருவில் ஒருவர் வாங்கிய கம்பி இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. கடற்காற்றில் உள்ள உப்பு, ஆலைப்புகை, மாட்டு மூத்திரத்தின் அம்மோனியா ஆகிய மூன்றும் சேர்ந்தால் இரும்பு என்ன பாடுபடும்! துத்தநாகப் பூச்சு எப்படிக் காக்கிறது என்பதை வேதியியல் நண்பர் ஒருவர் விளக்கினார். துத்தநாகம் வெறும் போர்வை அன்று. இரும்புக்கு முன்னதாகத் தான் அரிக்கப்பட்டு இரும்பைக் காப்பாற்றுகிறது. ஆகவே பூச்சு எவ்வளவு தடிப்போ அவ்வளவு ஆயுள். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது தடித்திருக்கும், சற்று மங்கலாகவும் இருக்கும். மின்முலாம் பூசியது பளபளக்கும், ஆனால் மெல்லியது. கடையில் பளபளப்பைக் கண்டு மயங்குபவரே மிகுதி. வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சு எரிந்து போய்விடும். அங்கே இரும்பைத் தேய்த்துத் துத்தநாகச் சாயம் இருமுறை பூச வேண்டும். (அந்தப் புகையை முகர்ந்தால் அன்றிரவே காய்ச்சல் வரும், வெல்டர்கள் அறிவார்கள்.) குழாயின் வாயை மூடாவிட்டால் மழைநீர் உள்ளே தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். இரும்புக் கம்பம் நடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரிப்பு தொடங்குவது தரைமட்டத்தில்தான். கான்கிரீட்டைத் தரைக்கு மேலே நான்கு அங்குலம் உயர்த்தி, நீர் வழிந்தோடும்படி சரிவாக முடித்துவிட்டால் அந்தக் கம்பத்துக்கு ஆயுள் நீளும்.

இத்தனை செலவு எதற்கு, கயிற்றில் கட்டிப் போட்டால் போதாதா என்று கேட்பவரும் உண்டு. மூக்கணாங்கயிறும் ஒருவகை வேலிதான். ஆனால் நாளெல்லாம் ஓரடிக் கயிற்றில் நிற்கும் எருமைக்குக் குளம்பு கெடும், மூட்டு வீங்கும். மறுபுறம், அவிழ்த்துத் தெருவில் விடுவதும் இனி நடவாது. நகர்ப்புறங்களில் மாடு வளர்க்க உரிமம் வேண்டும் என்று 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் கூறுகிறது. தெருவில் பிடிபட்ட மாட்டுக்குச் சென்னை மாநகராட்சி விதிக்கும் அபராதம் 2024இல் பத்தாயிரம் ரூபாயாக உயர்ந்தது. மறுமுறை பிடிபட்டால் பதினைந்தாயிரம். மாநகராட்சி பொதுத் தொழுவங்கள் கட்டி மாடுகளுக்கு இடம் தரத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. பம்பாயில் 1949இலேயே ஆரே காலனி அமைத்து நகரத்து எருமைகளை ஆயிரக்கணக்கில் குடியமர்த்தினார்கள். பொதுத் தொழுவம் கட்டுகிறவர்களிடம் என் போன்றோர் கேட்பது ஒன்றுதான். மதிலுக்கு ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கை எருமைகளின் நீர்த்தொட்டிக்கு ஒதுக்குங்கள்.

தண்டவாளத்தை ஒட்டி இரயில்வே எழுப்பிய மதிலும் எங்கள் பக்கம் உண்டு. நல்ல மதில்தான். ஆனால் நிலையத்துக்குக் குறுக்கு வழி தேடிய மனிதர்கள் அதில் ஆங்காங்கே ஓட்டை போட்டிருக்கிறார்கள். மனிதர் நுழைய இட்ட வழியில் கன்று முதலில் நுழைகிறது. அதைத் தேடித் தாய் அந்த ஓட்டையைப் பெரிதாக்குகிறது. எங்கள் தெருவில் அப்படி இருந்த ஒன்றை அடைக்கும்படி மனு எழுதித் தெருவார் முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கினேன். கையெழுத்திட மறுத்தவர்களும் உண்டு. காலை வண்டியைப் பிடிக்க அவர்களுக்கு அந்த வழி வேண்டுமாம். மனு போய் மூன்று மாதத்தில் ஓட்டை அடைபட்டது. இப்போது பத்தடி தள்ளி இன்னொன்று தோன்றத் தொடங்கியிருக்கிறது; இரண்டு கல் பெயர்ந்துள்ளன. மீண்டும் ஒரு மனு எழுதியாயிற்று.

கடைசியாகக் கதவு. எவ்வளவு நல்ல வேலியிலும் எருமை முதலில் சோதிப்பது கதவைத்தான். கொம்பைக் கீழே கொடுத்துத் தூக்கும். சாதாரணக் கீலாயிருந்தால் கதவு கழன்று கையோடு வந்துவிடும். இதற்குப் பட்டறைக்காரர் சொன்ன உபாயம் எளியது. கீழ்க்கீலின் முளை மேல்நோக்கி இருக்கட்டும். மேற்கீலின் முளையைத் தலைகீழாகக் கீழ்நோக்கிப் பொருத்திவிட வேண்டும். பிறகு எந்தக் கொம்பாலும் தூக்க முடியாது. தாழ்ப்பாளை நக்கியே திறக்கும் எருமை எங்களிடம் ஒன்று உண்டு. அதற்காகத் தாழை வெளிப்பக்கம், அதன் நாக்கு எட்டாத உயரத்தில் வைத்தோம். கதவை அடுத்து ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையுமளவு, ஒன்றேகால் அடி இடைவெளி ஒன்றும் விட்டிருக்கிறோம். பாற்செம்போடு சித்தி போய்வரும் வழி அது. மாடு மிரண்டால் கதவைத் திறக்காமலே வெளியேறலாம். எருமையின் வயிறு அதில் நுழையாது. கன்று நுழையும் என்பதால் இரவில் மட்டும் அதன் குறுக்கே ஒரு மூங்கில் கழியைச் செருகிவிடுகிறோம்.